பேர் என்ன தம்பி?

(கொடைக்கானலில் நடைபெற்ற முன்னாள் மாணவர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் என்னை அழைத்தபோது, "நீங்க கம்ப்யூட்டர் துறையில இருக்கீங்க, செயற்கை நுண்ணறிவு பத்திப் பேசுங்க" என்றார். அதைப் பற்றித்தான் காலையில் கண் விழித்ததிலிருந்து செல்போன் பேசுகிறதே, நானும் எதற்கு என்று, "பெயர்களைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "பேரா? பேர்ல என்னப்பா இருக்கு பேசுறதுக்கு?" என்றார். என்ன இருக்கிறது என்று ஒரு அரை மணி நேரம் பார்ப்போம். பசி வேளைக்கு முன் முடித்துவிடுகிறேன், பயப்பட வேண்டாம்.

நேற்று வத்தலக்குண்டிலிருந்து நம் பஸ் மேலே ஏறியது. டம் டம் பாறையில் நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கி எதிரே தெரிகிற எலிவால் அருவியைப் படம் எடுத்தார்கள். பாறைக்கு டம் டம் என்று பெயர், அருவிக்கு எலியின் வால் பெயர். ஒருத்தராவது சிரித்தார்களா? இல்லை. இந்த ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடையா, கொடியா, கொடையா என்று இன்றைக்கும் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் ஒரு பள்ளத்துக்கு டெவில்ஸ் கிச்சன், அதாவது பிசாசின் அடுப்படி, என்று பெயர் வைத்தார்கள். 1991-ல் 'குணா' படம் வந்தது. அதன்பின் அது குணா குகை ஆகிவிட்டது. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த பிறகு மலையாளத்துச் சகோதரர்களும் குணா குகை எங்கே என்றுதான் விசாரித்து வருகிறார்கள். இடத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் நமக்குச் சம்மதம். மனுசனுக்கு வைத்தால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது?

சிரிப்பதற்கு முன்னால், அந்தப் பெயர் எங்கேயிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் விநோதமான பெயர்கள் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் நாலைந்து வழிகளில் வந்தவை.

முதல் வழி பயம். பிச்சை, குப்பன், குப்பாயி, மண்ணாங்கட்டி, தவிட்டம்மாள். இந்தப் பெயர்களைக் கேட்டதும் பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் இரண்டு மூன்று குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோனால், அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் போட்டுப் பிறகு எடுத்து வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். "இது குப்பை, இது தவிட்டுக்கு வாங்கினது, உனக்கு வேண்டாம், போ" என்று எமனிடம் சொல்கிற சூழ்ச்சி அது. குழந்தையைக் கேவலப்படுத்த வைத்த பெயர் என்று நாம் நினைக்கிறோம். எப்படியாவது இந்தப் பிள்ளை தக்கிவிட வேண்டும் என்ற தாயின் தவிப்புதான் அந்தப் பெயரில் இருக்கிறது. தடுப்பூசி இல்லாத காலத்துத் தடுப்பூசி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இரண்டாவது வழி பக்தி. பூம்பாறைக்குப் போனவர்கள் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டிருப்பீர்கள். அந்தச் சாமியின் பெயரால் இந்த மலையிலும் அடிவாரத்திலும் எத்தனையோ குழந்தைவேலுகள். எழுபது வயதில் தடி ஊன்றி நடந்து வருவார், பெயர் குழந்தை. வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கை. பூம்பாறைக்காரர்களுக்கு அதில் வேடிக்கையே இல்லை. பழனிக்கு வந்தால் பழனிச்சாமி, பழனியம்மாள், தண்டபாணி, வேலாயுதம், இடும்பன். இடும்பன் என்றால் கதையில் அசுரன். ஆனால் காவடி தூக்குகிறவர்களுக்கு முதல் காவடி தூக்கியவன் அவன்தான். மலைக்குப் பக்கத்திலேயே அவனுக்கும் ஒரு மலை இருக்கிறது. அசுரன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற பெருந்தன்மை எத்தனை ஊருக்கு வரும்?

மூன்றாவது வழி கொள்கை. 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம் அவர்கள் மறைமலை ஆனார். திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அன்றைக்கு இவையெல்லாம் கேட்டுப் பழக்கமில்லாத பெயர்கள்; இன்றைக்கு அன்பழகன் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அத்தனை சாதாரணம். தந்தை பெரியார் சோவியத் நாட்டுக்குப் போய் வந்த பிறகு இயக்கக் குடும்பங்களில் பிறந்த குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் சூட்டினார். 1953 மார்ச் 1-ந் தேதி கலைஞருக்கு ஒரு மகன் பிறந்தார். ஐயாவையும் அண்ணாவையும் சேர்த்து அய்யாத்துரை என்று பெயர் வைக்க நினைத்திருந்தாராம். மார்ச் 5-ந் தேதி ரஷ்யாவில் ஸ்டாலின் மறைந்தார். பிள்ளைக்கு ஸ்டாலின் என்று பெயராகிவிட்டது. பள்ளியில் சேர்க்கப் போனபோது பெயரை மாற்றச் சொன்னார்கள் என்றும், பள்ளியை வேண்டுமானால் மாற்றுகிறேன், பெயரை மாற்ற மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார் என்றும் அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரோடுதான் அவர் 2021-ல் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஆனார். கட்சி எதுவானாலும் ஒன்றை ஒத்துக்கொள்வோம். ஒரு பெயர் ஊருக்குப் பழக அரை நூற்றாண்டு ஆகிறது, பழகிவிட்டால் அது வெளிநாட்டுப் பெயர் என்பதே மறந்துபோகிறது.

நான்காவது வழி கடல் கடந்தது. திண்டுக்கல் பக்கத்து நண்பர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ராயப்பன், சின்னப்பன், சூசை, அருளப்பன், யாகப்பன், சவரிமுத்து. பீட்டர்தான் ராயப்பர், பால்தான் சின்னப்பர், ஜோசப்தான் சூசையப்பர். ஊர் பேர் தெரியாத பெயர்கள் நம் மண்ணில் இறங்கி, அப்பனும் முத்தும் சேர்த்துக்கொண்டு, நம்ம வீட்டுப் பிள்ளையாகிவிட்டன. வேடிக்கை என்னவென்றால், ராயப்பனின் பேரன் இப்போது பீட்டர் என்றே வைத்துக்கொள்கிறான்.

ஐந்தாவது வழி ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வராது. போதும்பொண்ணு. வேண்டாம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால், அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையில் வைக்கிற பெயர். திருத்தணிப் பக்கத்தில் இந்த வழக்கம் இருப்பது 2019-ல் பத்திரிகைகளில் பெரிய செய்தியாக வந்தது. மகாராஷ்டிராவில் இதற்கு நகுசா என்று பெயர். வேண்டாதவள் என்று அர்த்தம். அங்கே சாத்தாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் நிர்வாகமே ஒரு விழா எடுத்து, அந்தப் பெயர் கொண்ட 285 பெண்களுக்குப் புதுப் பெயர் சூட்டிச் சான்றிதழ் கொடுத்தது. முன்னால் சொன்ன குப்பாயிக்கும் இந்த நகுசாவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். குப்பாயி என்று வைத்தவள் பிள்ளை வேண்டும் என்று வைத்தாள். நகுசா என்று வைத்தவர்கள் வேண்டாம் என்று வைத்தார்கள். இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி கரடுமுரடாகக் கேட்கும். உள்ளே இருப்பது நேர் எதிர். ஆகவே பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இனி என் கதைக்கு வருகிறேன். என் பெயர் உங்களுக்குத் தெரியும்: பழனியாண்டி. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்த குடும்பம். முருகன் அந்த மலையிலிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தார், அதனால்தான் தாண்டிக்குடி என்று எங்கள் அப்பத்தா சொல்லும். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேர் தங்கவில்லை. நான் பிறந்ததும் பழனி அடிவாரத்தில் ஒரு பண்டாரத்தின் கையில் என்னைக் கொடுத்து, காணிக்கை வைத்துத் திரும்ப வாங்கி வந்தார்களாம். ஆண்டியின் பிள்ளை, அதனால் பழனியாண்டி. மலையில் இருந்தவரை இது மரியாதையான பெயர். "ஆண்டவர் கொடுத்த பிள்ளை" என்று கூப்பிட்டு வைத்துப் பழம் கொடுப்பார்கள்.

கீழே இறங்கிக் கல்லூரிக்கு வந்தேன். முதல் நாள் அட்டெண்டன்ஸில் பெயர் வாசித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: "திருவோடு எங்கடா?" ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டை நீட்டினால் "ஆண்டிக்குப் பிச்சை போடுங்கப்பா" என்பார்கள். பட்டணத்துக்கு வேலைக்குப் போனேன். போனில் ஒரு பெண் ஆங்கிலத்தில், "ஆன்ட்டி இருக்காங்களா?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு வெளிநாட்டுக்காரர்களோடு வேலை. என் கூட இருந்த வெங்கடசுப்பிரமணியனின் பெயரை அவர்கள் மூன்று துண்டாக உடைத்தும் உச்சரிக்க முடியவில்லை. என் பெயரைப் பார்த்ததும், "ஆ, ஆண்டி! ரொம்பச் சுலபமான பெயர்" என்றார்கள். அங்கே ஆண்ட்ரூ என்பவனைச் செல்லமாக ஆண்டி என்பார்களே, அது. ஆக, ஒரே பெயர். மலையில் பிரசாதம், கல்லூரியில் கேலி, பட்டணத்தில் அத்தை, அமெரிக்காக்காரனுக்கு ஆண்ட்ரூ. நான் மாறவில்லை, பெயரும் மாறவில்லை. மாறியது கேட்கிறவர்களின் காது. இதை நான் பொறியியல் முறைப்படி நாலு இடத்தில் சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

பிச்சை என்ற சொல்லுக்கு நேர்ந்ததையும் பாருங்கள். 1972-ல் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2015-ல் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அன்றிலிருந்து பிச்சை என்ற பெயரைக் கேட்டு எந்தக் கல்லூரியிலும் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அந்தச் சொல்லின் அர்த்தம் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

சரி, பழைய பெயரைப் பார்த்துப் புதுத் தலைமுறை சிரிக்கிறது. புதுப் பெயரைப் பார்த்துப் பழைய தலைமுறை சிரிக்காமலா இருக்கிறது? நியூமராலஜிக்காரர் சொன்னார் என்று இரண்டு ஏ, மூன்று ஹெச் சேர்த்த பெயர்கள். ஷ், ஜ், ஹ இல்லாமல் தொடங்காத பெயர்கள். "பேத்தி பேரைச் சொல்ல வாய் வரலைப்பா, பாப்பான்னே கூப்பிட்டுக்கிறேன்" என்று சொல்லும் பாட்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொரோனா வந்த 2020-ல் வடநாட்டில் பிறந்த குழந்தைகளுக்குக் கொரோனா, கோவிட், லாக்டவுன் என்றே பெயர் வைத்த செய்திகள் வந்தன. அதே வருடம் எலான் மஸ்க் தன் பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு பெயர் வைக்க, கலிபோர்னியா சட்டம் எண்ணை அனுமதிக்காததால் எண்ணை ரோமன் எழுத்தாக மாற்ற வேண்டி வந்தது. நம் ஊரில் கதை படித்துப் பெயர் வைத்த காலமும் உண்டு. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' நாவல் வந்தபோது எத்தனை வீட்டில் அரவிந்தன்களும் பூரணிகளும் பிறந்தார்கள்! உங்களில் சிலருடைய அப்பா அம்மா பெயர்கூட அதுவாக இருக்கலாம்.

எங்கள் வீட்டில் 2018-ல் பெண் பிறந்தாள். அந்த வருடம் இந்த மலையெல்லாம் குறிஞ்சி பூத்திருந்தது. 12 வருடத்துக்கு ஒரு முறை. 2006-க்குப் பிறகு 2018, அடுத்தது 2030. நானும் என் மனைவியும் குறிஞ்சி என்று பெயர் வைத்தோம். சொந்தக்காரர் ஒருவர் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, "ஏப்பா, பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா பூக்குற பேரையா வைக்கிறது? நாளைக்குக் கல்யாணம் கார்த்தி தள்ளிப்போகாதா?" என்றார். இன்னொருத்தர், "ஆண்டி மகளுக்குப் பூவா?" என்றார். அப்பத்தா மட்டும், "குறிஞ்சி ஆண்டவர் பேருதானே, பேஷா வையி" என்றது. இங்கே 1936-ல் எழுந்த குறிஞ்சி ஆண்டவர் கோயில் அப்பத்தாவுக்குத் தெரியும். அந்தக் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படுகிற அம்மையாரின் கதையும் பெயர்க் கதைதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்று பெயரை மாற்றிக்கொண்டவர் அவர். குழந்தை பிறந்த வீட்டில் பெயர் கேட்டால் மூன்றே வார்த்தை போதும்: "நல்ல பேரு, வாழட்டும்." அதற்கு மேல் விமரிசனம் யாரும் கேட்கவில்லை.

சில நாடுகளில் அரசாங்கமே பெயரைத் தணிக்கை செய்கிறது. ஜப்பானில் 1993-ல் ஒருவர் தன் மகனுக்கு அகுமா, அதாவது பிசாசு, என்று பெயர் பதியப் போக, நகராட்சி மறுத்து வழக்கு வரை போனது. நியூசிலாந்தில் 2008-ல் ஒரு நீதிபதி, ஒரு வாக்கிய நீளத்துக்கு விளையாட்டுத்தனமாக வைத்த பெயரால் அவமானப்பட்ட சிறுமியைச் சிறிது காலம் நீதிமன்றத்தின் பொறுப்பில் எடுத்துப் பெயரை மாற்ற வைத்தார். ஐஸ்லாந்தில் நேர்மாறு: அங்கே பட்டியலில் இல்லாத பெயர் என்று அரசு மறுத்த பெயரையே ஒரு பதினைந்து வயதுப் பெண் 2013-ல் நீதிமன்றம் போய்த் தன் பெயராக்கிக்கொண்டாள். நம் நாட்டில் அப்படிப்பட்ட பட்டியல் கிடையாது. பிறப்பைப் பதிந்தபின் ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமலும், பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரையிலும் குழந்தையின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். சுதந்திரம் முழுசாக இருக்கிறது. ஆனால் சட்டம் செய்யாத தணிக்கையை நம் வகுப்பறைகளும் கல்யாண வீடுகளும் செய்துவிடுகின்றன.

என் துறையும் தப்பவில்லை. கம்ப்யூட்டரில் படிவம் வடிவமைக்கிறவர்கள், உலகத்தில் எல்லாருக்கும் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு உண்டு என்று முடிவு செய்துவிட்டார்கள். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். அதனால் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி, வெளிநாட்டில் போகிற இடமெல்லாம் நம்மை அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அதையே பெயர் என்று நினைத்துக் கூப்பிட்ட கதைகளும் உண்டு. ஐக்கிய அரபு நாடு 2022 நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தது. மாணவர்களே, பாஸ்போர்ட் எடுக்கும்போதே பெயரின் இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருள் எழுதப்போகிற தம்பி தங்கைகளே, பெயர்க் கட்டத்தில் "இது செல்லாது" என்று சிவப்பு எழுத்தில் காட்டுவதற்கு முன்னால் தாண்டிக்குடியை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனுசனைப் பார்த்து உன் பேர் செல்லாது என்று சொல்ல இயந்திரத்துக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இப்போது நான் உண்மையில் எதற்காக இந்தத் தலைப்பைக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். நம் சங்கம் நடத்துகிற வேலைவாய்ப்பு வழிகாட்டல் மூலம் இறுதியாண்டு மாணவர் ஒருவர் என்னோடு பேசினார். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் பெயரில் குப்பை என்ற சொல் இருக்கிறது. நல்ல மார்க். நன்றாகப் படித்த பையன். கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "அண்ணா, கேம்பஸ் இன்டர்வியூக்கு முன்னாடி பேரை மாத்திக்கலாமா? குரூப் டிஸ்கஷன்ல பேரைச் சொன்னதும் ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் எனக்குப் பேச்சே வரலை."

பேச்சே வரலை என்றானே, அந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. நாலு வருடப் படிப்பு, அப்பா அம்மாவின் கூலி, தூங்காத இரவுகள், அத்தனையும் இரண்டு பேர் சிரித்த இரண்டு விநாடியில் தொண்டையில் அடைத்துக்கொண்டது. சிரித்தவர்களுக்கு அது மறுநாளே மறந்திருக்கும்.

அவருக்குச் சொன்னதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கிறேன். பெயரை மாற்றுவது தப்பே இல்லை. வேதாசலம் மாற்றினார், சாத்தாராவில் 285 பெண்கள் மாற்றினார்கள். உடம்பில் ஒட்டாத சட்டையை எத்தனை காலம் போட்டுக்கொண்டிருப்பது? தமிழக அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் அரசிதழில் வெளியிடுவார்கள். பழைய மார்க் ஷீட்டில் பழைய பெயர்தான் இருக்கும் என்பதால் அரசிதழ் நகலை ஆயுசுக்கும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். என் வகுப்பு நண்பர் ஒருவர் அப்படி மாற்றிக்கொண்டு இன்றைக்கு நிம்மதியாக இருக்கிறார். வீட்டுக்குப் போனால் அவர் அம்மா பழைய பெயரைச் சொல்லித்தான் சோறு போடுகிறார். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

ஆனால் மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்யச் சொன்னேன். "ஊருக்குப் போய், இந்தப் பேரை ஏன் வச்சீங்கன்னு உங்க அம்மாகிட்ட கேளுங்க தம்பி. கேட்டுட்டு வந்து முடிவு பண்ணுங்க" என்றேன். பத்து நாள் கழித்துப் போன் வந்தது. அவருக்கு முன்னால் பிறந்த அக்கா ஒருத்தி ஆறு மாதத்தில் காய்ச்சலில் போன விஷயமே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. அதுவரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. "மாத்தணுமா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலைண்ணா. ஆனா இன்டர்வியூல பேரைக் கேட்டா இப்ப சத்தமாச் சொல்லிடுவேன்" என்றார். அவர் மாற்றினாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி, அது அவர் உரிமை. நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து மாற்ற வேண்டிய நிலை மட்டும் அவருக்கு வரக் கூடாது.

அந்த நாலு பேர் யார்? நாம்தான். அதனால் மூன்று வேண்டுகோள்கள்.

முன்னாள் மாணவ நண்பர்களே, நம்மில் பலர் இன்றைக்கு நேர்முகத் தேர்வு நடத்துகிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். எதிரே வருகிற பிள்ளையின் பெயரை முன்கூட்டியே ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், "உங்க பேரை எப்படிச் சொல்லணும்?" என்று கேளுங்கள். "இதென்ன பேர்?" என்று கேட்காதீர்கள். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் பிள்ளை நிமிர்ந்து உட்காரும், இன்னொன்றில் கூனிக் குறுகும்.

சங்கப் பொறுப்பாளர்களே, புதிதாகத் தயாராகும் முன்னாள் மாணவர் விவரப் புத்தகத்தில் பெயர்களைச் சுருக்காமல், அவரவர் எழுதிக் கொடுத்தபடியே முழுசாக அச்சிடுங்கள். முதல் எழுத்துகளாகச் சுருக்கிவிட்டால் எல்லாரும் ஒன்றுபோல ஆகிவிடுவோம். பக்கம் கூடினால் கூடட்டும், அந்தச் செலவில் ஒரு பங்கு நான் தருகிறேன். பொருளாளர் சிரிக்கிறார், குறித்துக்கொள்ளட்டும்.

மாணவச் செல்வங்களே, ஜூலை ஆகஸ்டில் முதலாண்டுப் பிள்ளைகள் வருவார்கள். மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளை, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிக்கிற பிள்ளை அதில் இருக்கும். அட்டெண்டன்ஸில் ஒரு விநோதமான பெயர் கேட்கும். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அது ஒன்றும் பெரிய தவம் இல்லை. இடைவேளையில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பேர் என்ன தம்பி? யாரு வச்சாங்க?" என்று கேளுங்கள். ஒரு குடும்பத்தின் கதை முழுசும் வெளியே வரும். அந்தப் பிள்ளை நாலு வருடத்துக்கு உங்களை மறக்காது.

பேர்ல என்ன இருக்கு என்று செயலாளர் கேட்டார். ஒரு தாயின் பயம், ஒரு ஊரின் சாமி, ஒரு அப்பாவின் கொள்கை, ஒரு வருடத்துப் பூ, இத்தனையும் இருக்கிறது ஐயா. வெளியே சாப்பாடு தயார் என்று சைகை காட்டுகிறார்கள். சாப்பிடும்போது பக்கத்து இலைக்காரரின் முழுப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதினைந்து வருடம் பழகியும் சிலருடைய இனிஷியலுக்கு விரிவு நமக்குத் தெரியாது.